ஒரே ஒரு பலகை போதும்

கல்லுக்கும் குலம் கோத்திரம் பார்ப்பது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் கைவந்த கலை என்று யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். வாஷிங்டன்காரர்கள் நம்மை எப்போதோ தாண்டிவிட்டார்கள். வியட்நாம் போரில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நினைவுச் சுவர் எழுப்ப 1980களின் தொடக்கத்தில் அவர்கள் கருங்கல் தேடினார்கள். முகம் தெரிகிற அளவுக்கு மெருகேறும் கருங்கல் ஸ்வீடனில் உண்டு, கனடாவில் உண்டு, இந்தியாவிலும் உண்டு. ஸ்வீடன் கல் வேண்டாம் என்றார்கள். கனடா கல்லும் வேண்டாம் என்றார்கள். கல்லில் கீறலா, பொருக்கா? ஒன்றுமில்லை. கட்டாய ராணுவச் சேவைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஓடிய அமெரிக்கப் பையன்களுக்கு அந்த இரண்டு நாடுகளும் திண்ணையில் இடம் கொடுத்துவிட்டனவாம். மிஞ்சியது பெங்களூர்க் கல். நன்னடத்தைக் கல். கப்பலேறிப் போய், வெர்மான்ட் மாநிலத்தில் அறுபட்டு, மெம்பிஸ் நகரில் எழுத்து வெட்டப்பட்டு, 1982 நவம்பர் 13 அன்று வாஷிங்டனில் திறப்பு விழா கண்டது.

ஓடி வந்தவனுக்கு இடம் கொடுத்த நாட்டின் கல் தீட்டு. அவனை ஓட விரட்டியவர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஊரின் மண் மட்டும் தீட்டில்லை. அந்த மண்ணைத் தோண்டித்தான் கல்லை நட்டார்கள்.

சுவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதை வரைந்த மாயா லினுக்கு அப்போது வயது 21. யேல் பல்கலைக்கழகத்தில் மாணவி. வந்து குவிந்த 1,421 வடிவங்களில் பெயர் மறைத்து எண் மட்டும் போட்டிருந்தார்கள், அவருடையது 1026. தரையைக் கீறி இறங்குகிற இரண்டு கைகள், ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர். ஒரு கை லிங்கன் நினைவகத்தை நோக்கி, மற்றது வாஷிங்டன் ஸ்தூபியை நோக்கி. இரண்டும் சேரும் மூலையில் சுவர் ஆள் உயரத்தைத் தாண்டிப் பத்தடி. அதில் பெயர்கள். திறந்த அன்று 57,939. இப்போது 58,000ஐத் தாண்டிவிட்டது. பதவி கிடையாது, ஊர் கிடையாது, வயது கிடையாது, அகர வரிசையும் கிடையாது. செத்த தேதிதான் வரிசை. ஒரே நாளில் ஒரே குழியில் செத்தவர்கள் கல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள்.

ஆகவே தன் ஆளைத் தேடி வருகிறவர்கள் முதலில் வாசலில் இருக்கும் தடித்த பெயர்ப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். எத்தனையாவது பலகை, எத்தனையாவது வரி என்று குறித்துக்கொண்டு இறங்க வேண்டும். பெயர் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். எட்டாத உயரத்தில் இருந்தால் தொண்டர் ஒருவர் ஏணி போட்டு ஏறி, நீளமான துண்டுத் தாளைப் பெயர்மேல் வைத்து, பென்சிலைப் படுக்கைவாட்டில் தேய்க்கிறார். கறுப்புத் தேய்ப்புக்குள் வெள்ளையாகப் பெயர் எழும்பி வருகிறது. கீழே நிற்கும் தங்கையோ மனைவியோ இப்போது கிழவி. தாளை மடிக்காமல் சுருட்டி வாங்கிக்கொள்கிறாள். மெருகேறிய கல்லில் பெயருக்குப் பின்னால் அவள் முகமே தெரிகிறது. அதற்குத்தான் அந்தக் கல். காலடியில் பூட்ஸ், கடிதம், பீர் டப்பா, பிறக்கும் முன்பே அப்பாவை இழந்த பிள்ளையின் கல்யாணப் போட்டோ. ஒரு முறை ஒரு முழு ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளையே விட்டுவிட்டுப் போனார்கள். பூவையும் கொடியையும் தவிர மற்றதையெல்லாம் பூங்காத் துறை பொறுக்கி, மேரிலாந்தில் ஒரு கிடங்கில் அடுக்கி வைக்கிறது. 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது எண்ணிக்கை.

ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒரு சின்னக் குறி உண்டு. வைரக் கட்டம் போட்டிருந்தால் சாவு உறுதி. சிலுவை போட்டிருந்தால் ஆளைக் காணவில்லை. பிறகு எலும்பு கிடைத்து யாரென்று தெரிந்தால் சிலுவைமேல் வைரத்தை வெட்டிவிடுவார்கள். காணாமல் போனவர் உயிரோடு வந்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு: சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம். இன்றுவரை ஒரு வட்டம்கூட வெட்டப்படவில்லை. இந்த வட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அரசாங்கம் போட்ட பிச்சை என்று இந்தச் சுவரை நினைத்துவிடக் கூடாது. போருக்குப் பத்தாயிரம் கோடி டாலருக்கும் மேல் செலவழித்த அரசாங்கம் சுவருக்குக் கொடுத்தது நிலம் மட்டும். ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற, போரில் காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய் 1979-ல் உண்டியல் எடுத்தார். முதல் சில வாரங்களில் விழுந்தது 144 டாலர் 50 சென்ட். தொலைக்காட்சிச் செய்தியில் சொல்லிக் கிண்டல் செய்கிற அளவுக்கு அது சிரிப்பாய்ச் சிரித்தது. பிறகு 2,75,000 பேர் சில்லறை சில்லறையாகப் போட்டு 84 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆக, பிள்ளையைக் கொடுத்த குடும்பங்களே கல்லுக்கும் காசு கொடுத்தன.

பெயர் போடலாம் என்றதும் பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்தது. செத்தவர்களைக் கொன்றதற்காக அல்ல, கல் கறுப்பாக இருப்பதற்காக. கறுப்பு அவமானத்தின் நிறமாம். தரைக்குக் கீழே இறங்குகிறதாம். கொடிக்கம்பம் இல்லையாம், சிலை இல்லையாம். வடிவப் போட்டிக்குப் பணம் கொடுத்த கோடீஸ்வரர் ரோஸ் பெரோவே எதிர் அணிக்குப் போனார். கறுப்பு எப்போதிருந்து அவமானத்தின் நிறமானது என்று ஜார்ஜ் ப்ரைஸ் என்ற கறுப்பின ஜெனரல் எழுந்து கேட்கும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. ரீகனின் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் வாட், ஒரு சிலையும் ஒரு கொடியும் வைத்தால்தான் மண்வெட்டி உள்ளே போகலாம் என்று அனுமதியைப் பிடித்து வைத்துக்கொண்டார். ஃப்ரெடரிக் ஹார்ட் செய்த மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலை 1984-ல் வந்து நின்றது. சுவரைக் கொடுத்த பெண்ணுக்குப் பரிசு 20,000 டாலர். சிலைக்காரருக்கு 3 லட்சத்துக்கும் மேல். திறப்பு விழா மேடையில் மாயா லின் பெயரை யாரும் சொல்லவில்லை. சீனத்திலிருந்து குடியேறியவர்களின் மகள். அவரும் ஒரு ஆசிய முகம். அந்த முகத்தைச் சுட்டுக்கொண்டுதானே இத்தனை வருடம் இருந்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த குறைக்கு வருகிறேன். குறை கல்லில் இருப்பது அல்ல, இல்லாதது. 58,000 பேர் செத்தார்கள் என்று சுவர் சொல்கிறது. 1959-லிருந்து 1975 வரை என்று வருடமும் சொல்கிறது. யார் அனுப்பிச் செத்தார்கள்? அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பதினாறு வருடம் ஏதோ ஒரு தொற்றுநோய் வந்து வாலிபர்களை மட்டும் வாரிக்கொண்டு போனது மாதிரி நிற்கிறது சுவர். சராசரி வயது 23.

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் ஆயிரத்து நானூறு வருடப் பழைய நடுகற்கள் இருக்கின்றன. மாடு கவர வந்தவனோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு வைத்த கல். பலகைக் கல்லில் கோணல்மாணல் வட்டெழுத்து. ஆனால் தகவலில் கோணல் கிடையாது. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் யாருடைய சேவகன், எந்த மாட்டுக்காக, எந்தச் சண்டையில் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் கல் வாயை மூடும். மகேந்திரவர்மப் பல்லவன் தன் பெயரைச் செத்தவனின் கல்லிலிருந்து மறைத்துக்கொள்ளவில்லை. எடுத்தனூர்க் கல்லில் செத்தவனோடு அவன் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்த நாய். அதன் பெயர் கோவிவன். நாயின் பெயரைக்கூட விடாமல் வெட்டியிருக்கிறான் பேர் தெரியாத அந்தக் கல்தச்சன்.

அதே வாஷிங்டனில், வியட்நாம் சுவரிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கொரியப் போரில் செத்தவர்களுக்கு 2022 ஜூலை 27 அன்று ஒரு சுவர் திறந்தார்கள். 36,634 அமெரிக்கர்கள், அவர்களோடு சேர்ந்து சண்டையிட்ட 7,174 கொரியர்கள். செலவு 2 கோடியே 20 லட்சம் டாலர், அதில் பெரும்பங்கு தென்கொரியாவின் பணம். பெயர்ப் பட்டியல் கொடுத்தது பென்டகன். இந்தப் பட்டியலைப் பல வருடமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்த இரண்டு சகோதரர்கள் சுவரைப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துப் பிழை. சுமார் 500 பேரைக் காணோம். பூர்வகுடி வீரர் ஒருவரின் நீளப் பெயரைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி வெட்டிப் புரட்டி, அம்மாவே அடையாளம் காண முடியாதபடி போட்டிருக்கிறார்கள். ஹவாயில் மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்தவர் சுவரில் இருக்கிறார். போருக்குப் பிறகு 60 வருடம் வாழ்ந்து எட்டுப் பேரப்பிள்ளை எடுத்தவரும் இருக்கிறார். சாராயம் என்று நினைத்து எஞ்சின் திரவத்தைக் குடித்துச் செத்தவரும் இருக்கிறார். அவரையாவது அனுப்பியவர்கள்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். குண்டு எந்த வீட்டுமேல் விழ வேண்டும் என்பதை அடிக்கணக்கில் குறிவைக்கத் தெரிந்த பென்டகனுக்குத் தன் பையன் பெயரை எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. செங்கத்து நாய் கொடுத்துவைத்தது.

சரி, அனுப்பியவர்கள் பெயரை எழுதுவது அவ்வளவு கஷ்டமா? இல்லை. தயாராக அச்சடித்த பட்டியலே இருக்கிறது. 1964 ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. 4ஆம் தேதி இரவு இன்னொரு தாக்குதல் நடந்ததாகச் சொன்னார்கள். புயலடித்த இருட்டு, ராடாரில் ஏதோ புள்ளி, காதில் ஏதோ சத்தம். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை என்பதை அவர்களுடைய சொந்த உளவு நிறுவனத்தின் வரலாற்றாசிரியரே எழுதிவைத்தார். அந்த ஆவணம் 2005-ல்தான் வெளியே வந்தது. அந்த மாலுமிகள் பறக்கும் மீன்களைச் சுட்டிருப்பார்கள் என்று அதிபர் ஜான்சனே தனியாகச் சொன்னதாக ஒரு பேச்சும் உண்டு. நடக்காத தாக்குதலுக்கு நடந்த தீர்மானம் ஆகஸ்ட் 7 அன்று வந்தது. அதிபர் தன் இஷ்டப்படி படையை அனுப்பலாம். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 416, எதிர்ப்பு 0. செனட்டில் ஆதரவு 88, எதிர்ப்பு 2.

ஆக 504 பேர்.

வியட்நாம் சுவரின் மிக உயரமான பலகையில் 137 வரிகள். வரிக்குப் பெரும்பாலும் ஐந்து பெயர். பெருக்கினால் 685. எனவே பெரிய செலவு இல்லை. 58,000 பேருக்கு 140 பலகை கேட்டார்கள்; அனுப்பியவர்களுக்கு ஒரே ஒரு பலகை போதும். 504 பேரைப் போட்ட பிறகும் ஐசன்ஹோவர், கென்னடி, ஜான்சன், நிக்சன், ஃபோர்டு என்று ஐந்து அதிபர்களுக்கும், மந்திரிகள், ஆலோசகர்கள், செத்தவர் கணக்கைத் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களுக்கு வாசித்த அதிகாரிகள் ஆகியோருக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. கல் நாம் தருகிறோம். விலை பேசிக்கொள்ளலாம். வரிசை? செத்த தேதி வரிசை வேண்டாம், சரிப்படாது. இவர்களில் பெரும்பாலோர் சாவகாசமாக, பலர் எண்பது தொண்ணூறு வயதில், படுக்கையில் செத்தவர்கள். பாதுகாப்பு மந்திரியாக இருந்த ராபர்ட் மெக்நமாராவுக்கு 93. நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கருக்கு 100.

குறி போடுவதிலும் சிக்கல் இல்லை. உயிரோடு திரும்பினால் வட்டம் என்று ஏற்கெனவே விதி இருக்கிறதே. அந்தச் சுவரில் ஒரு முறைகூடப் பயன்படாத வட்டம் இந்தப் பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் வேண்டும். வாக்களித்த அன்று சாயங்காலமே 504 பேரும் பத்திரமாக வீடு திரும்பிவிட்டார்கள்.

திருந்தியவர்களுக்குத் தனிக் குறி கேட்பார்கள். கொடுக்கலாம். தீர்மானத்தைச் செனட்டில் தள்ளிக்கொண்டு போன ஃபுல்பிரைட் பின்னால் அதே போரை விசாரணை போட்டு உரித்தார். ஆதரித்து வாக்களித்த மெக்கவர்ன் 1972-ல் போரை நிறுத்துகிறேன் என்று அதிபர் தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வினார். அவர்களுக்கு ஒரு சின்னப் புள்ளி. மெக்நமாராவுக்குத்தான் குறி கிடைப்பது கஷ்டம். 1967-லேயே இந்தப் போர் வெல்ல முடியாதது என்று அந்தப் பாதுகாப்பு மந்திரிக்குத் தெரிந்துவிட்டது. 1968-ல் பதவியை விட்டு உலக வங்கியின் தலைமை நாற்காலிக்குப் போனார். ஊருக்கு அதைச் சொன்னது 1995-ல், புத்தகமாக. தப்புச் செய்துவிட்டோம், பயங்கரத் தப்பு என்று. விலை போட்டு விற்றார்கள். இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த வாய் எங்கே போயிருந்தது என்று சுவரில் முகம் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாக்கள் கேட்டிருப்பார்கள். நிக்சனுக்கு வேறு குறி: 1968 தேர்தலுக்கு முன் சமாதானப் பேச்சு கூடிவந்தபோது, கொஞ்சம் பொறு, நான் வந்தால் இதைவிட நல்ல பேரம் என்று சைகோனுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பிய வேட்பாளர் அவர். அவர் பதவியேற்ற பிறகு செத்த அமெரிக்கர் மட்டும் 20,000க்கு மேல். அமைதிக்கான நோபல் பரிசை 1973-ல் வாங்கிக்கொண்ட கிஸ்ஸிங்கருக்கு எந்தக் குறி என்று கல்தச்சனே முடிவு செய்யட்டும். அவரோடு பரிசு அறிவிக்கப்பட்ட வியட்நாமியர் லெ டக் தோ, அமைதி எங்கே வந்தது என்று கேட்டு வாங்க மறுத்துவிட்டார்.

யாரை அனுப்பினார்கள் என்பதையும் பலகையின் அடியில் இரண்டு வரி போடலாம். கல்லூரியில் படித்தால் விலக்கு உண்டு. ஆகவே கல்லூரிக்குக் காசில்லாத வீடுகளின் பிள்ளைகள் போனார்கள். அதுவும் போதாமல் 1966-ல் மெக்நமாரா ஒரு திட்டம் போட்டார். ராணுவத்தின் அறிவுச் சோதனையில் தேறாதவர்களை, முன்பு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்களை, ஏழை வீட்டுப் பையன்களுக்கு வாழ்வு தருகிறோம் என்ற பெயரில் சேர்த்துக்கொள்ளும் திட்டம். மூன்றரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் செத்தார்கள். படிக்கத் தெரியாதவனுக்குப் படிப்புச் சொல்லித் தருவதைவிட துப்பாக்கி கொடுப்பது சுலபம், செலவும் கம்மி.

15 வயதுப் பையன் ஒருவன் அந்தச் சுவரில் இருக்கிறான். பிறப்புச் சான்றிதழைத் திருத்திக் கொடுத்து 14 வயதில் மரைன் படையில் சேர்ந்தவன். கறுப்பினப் பிள்ளை. மீசை முளைக்காத முகத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி யாரோ முத்திரை குத்தினார்கள். 1969 ஜூனில் செத்தான். சுவரில் பெயர் ஏறியது 1982-ல். அவன் புதைகுழியில் 2000 வரை ஒரு தலைக்கல் கிடையாது. கடைசியில் தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சி நடத்தும் ஒரு அம்மாள்தான் பணம் கொடுத்தார்.

அந்தப் பக்கம் இப்படி என்றால் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பின்னால் பாதுகாப்பு மந்திரியாகி, துணை அதிபராகி, ஈராக்குக்கு ஊரார் பிள்ளைகளை அனுப்பிய டிக் சேனி வியட்நாமுக்குப் போகாமல் வாங்கிய விலக்கு ஐந்து. அந்த வயதில் தனக்கு வேறு முக்கிய வேலைகள் இருந்தன என்று அவரே சொன்னார். டொனால்ட் டிரம்ப் வாங்கியது ஐந்து. நான்கு படிப்புக்கு, ஒன்று குதிகாலில் எலும்பு துருத்தியதற்கு. ஜோ பைடன் படிப்புக்காக வாங்கியது ஐந்து. அதற்கு மேல் ஆஸ்துமா. நீச்சல் குளத்தில் ஆட்களைக் காப்பாற்றும் வேலை பார்த்தபோது அந்த ஆஸ்துமா எங்கே இருந்ததோ. இரண்டு கட்சிக்கும் ஒரே எண்தான் ராசி. இவர்கள் எல்லோரும் பிற்காலத்தில் நினைவு நாளன்று கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு மலர்வளையம் வைத்தார்கள். கை நெஞ்சில், கண் தரையில். அந்தக் குதிகாலோடு எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று நினைத்தால் கண் கலங்குகிறது.

துக்கப்பட்ட குடும்பங்களை எவ்வளவு மரியாதையாக நடத்தினார்கள் என்பதற்கும் கதை இருக்கிறது. 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் நான்கு நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமைச் சுற்றி வாடகை வீடுகளில் இருந்தார்கள். இவ்வளவு தந்தி ஒரே வாரத்தில் வரும் என்று ராணுவம் எதிர்பார்க்கவில்லையாம். தந்தியை வாடகை டாக்ஸி ஓட்டுநர்களிடம் கொடுத்து விட்டார்கள். மஞ்சள் டாக்ஸி தெருவுக்குள் திரும்பினால் வீட்டுக்கு வீடு ஜன்னல் திரை மூடும். படைத்தலைவர் ஹால் மூரின் மனைவி ஜூலியா மூர் வீட்டு வாசலிலும் ஒரு டாக்ஸி நின்றது. உயிரே போய்விட்டது அவருக்கு. ஓட்டுநர் கேட்டது வேறொரு வீட்டுக்கு வழி. அந்த அம்மாள் டாக்ஸிக்குப் பின்னாலேயே போய் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தார், ஒவ்வொரு சாவுக்கும் போனார், மேலிடத்தில் சத்தம் போட்டார். அதற்குப் பிறகுதான் சாவுச் செய்தியைச் சொல்ல ஒரு அதிகாரியும் ஒரு பாதிரியாரும் நேரில் போகும் வழக்கம் வந்தது.

2023 மே மாதத்தில் அந்த முகாமுக்கு மூர் தம்பதியின் பெயரை வைத்தார்கள். அதற்கு முன் இருந்தது, அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட ஹென்றி பென்னிங் என்ற ஜெனரலின் பெயர். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2025 மார்ச்சில் டிரம்பின் பாதுகாப்பு மந்திரி மறுபடி பென்னிங் என்று மாற்றினார். பழைய ஜெனரல் பெயர் வைத்தால் சட்டம் இடிக்கும். அதனால் முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஒரு கார்ப்பரல் பென்னிங்கைத் தேடிப் பிடித்தார்கள். குடும்பப் பெயர் பொருந்தினால் போதும், ஜாதகம் பார்க்கத் தேவையில்லை. டாக்ஸி பின்னால் ஓடிய அம்மாளின் பெயரைக் கழற்றிப் போட்டார்கள்.

சுவரில் ஏறாத சாவுகளும் உண்டு. காடுகள்மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நஞ்சு உடம்பில் ஏறி, ஊர் திரும்பிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயில் செத்தவனுக்கு இடமில்லை. இரவுகளைத் தாங்க முடியாமல் தன்னையே சுட்டுக்கொண்டவனுக்கும் இடமில்லை. போர் மண்டலத்திலேயே செத்தால், அல்லது அங்கே பட்ட காயத்தில் செத்தால்தான் பட்டியல், விதி அப்படி. 2004-ல் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பெயரில்லாத ஒரு சிறு பலகை தரையில் பதித்தார்கள். வியட்நாமியர்களைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அவர்கள் அரசு 1995-ல் வெளியிட்ட கணக்கில் போராளிகள் 11 லட்சம், பொதுமக்கள் 20 லட்சம். இதே எழுத்து அளவில், இதே நெருக்கத்தில் வெட்டினால் சுவர் சுமார் 8 கிலோமீட்டர் நீளும். லிங்கன் நினைவகத்தில் தொடங்கி நாடாளுமன்றத்தைத் தொட்டுத் திரும்பி வந்த பிறகும் மீதி இருக்கும். மந்திரிகளின் காருக்கு வழி இருக்காது.

இனி இப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1986-ல் போட்ட சட்டப்படி ஒரு போர் முடிந்து பத்து வருடம் ஆன பிறகுதான் அதற்கு வாஷிங்டனில் நினைவகம் எழுப்பலாம். பயங்கரவாதத்துக்கு எதிரான போருக்கு 2017-ல் அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். போர் முடிவதாகக் காணோம், எத்தனை நாள் காத்திருப்பது? சாவு நடந்துகொண்டிருக்கும்போதே கருமாதிக்கு மண்டபம் பிடித்தார்கள். 2001 செப்டம்பரில் அந்தப் போருக்கு அனுமதி கொடுத்தது செனட்டில் 98க்கு 0, கீழ்ச்சபையில் 420க்கு 1. எதிர்த்த ஒரே ஆள் பார்பரா லீ. கொலை மிரட்டல் குவிந்து காவலோடு நடமாடினார். இருபது வருடம் கழித்து 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலைய வாசலில் கடைசியாகச் செத்த 13 அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்து பேருக்கு வயது 20. போர் தொடங்கிய வருடம் தொட்டிலில் இருந்தவர்கள். வாக்களித்தவர்களில் சிலர் அப்போதும் அதே நாற்காலியில் இருந்தார்கள். வாஷிங்டனின் நடு மைதானத்தில் இனி நினைவகங்களுக்கு இடமில்லை என்று 2003-ல் கதவை மூடியிருந்தார்கள். 2021 முடிவதற்குள் அதையும் இந்த நினைவகத்துக்காகத் திறந்துவிட்டார்கள். இப்படி விலக்குமேல் விலக்கு தருகிறவர்கள் என் ஒற்றைப் பலகைக்கு ஒரு விலக்குத் தர மாட்டார்களா?

பலகையில் இடம் பெறாத இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். 1964-ல் செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள்: ஆரிகன் மாநிலத்து வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங். சுவரில் மற்ற எந்த வருடத்தையும்விட அதிகப் பெயர் 1968-க்குத்தான், 16,000க்கும் மேல். அந்த வருடமே இருவரும் மறுபடி ஓட்டுக் கேட்டு மக்கள் முன்னால் போனார்கள், தோற்றார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். க்ரூனிங்குக்கு வயது 81. அவர் சொந்தக் கட்சியின் உள்தேர்தலிலேயே கழித்துக்கட்டப்பட்டார். மோர்ஸ் நவம்பரில் தோற்றார், மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில். பலகையில் மிச்சமிருக்கும் இடத்தில் அந்த மூவாயிரம் பேரையும் வெட்டலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொள்ளாது. அவர்களுக்கு மட்டும் தனியாக ஐந்து பலகை வேண்டும்.